பதினாறு ஐசிகளும் ஒரு பூஜ்யமும்

ஒரு பழைய வீட்டுக் கணினியில் நினைவகம் எவ்வளவு என்று கேட்டால் மூன்று சாட்சிகள் பதில் சொல்லும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்ப்பட்டை ஒன்று. உள்ளே போர்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஐசிகளின், அதாவது சிப்புகளின், எண்கள் இன்னொன்று. மின்சாரம் கொடுத்ததும் கணினி தானே திரையில் எழுதிக்காட்டும் வரி மூன்றாவது. பெயர்ப்பட்டையை நான் கடைசியாகத்தான் நம்புவேன். திரையில் வரும் வரியையும் முழுதாக நம்பமாட்டேன். அது ஏன் என்று சொல்ல ஒரு பெட்டி வேண்டும். அது வலியசாலையில் கிடைத்தது.

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை ஒட்டி, கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது வலியசாலை. எழுத்தாளர் ஆ. மாதவன் கடை வைத்திருந்து கதைகளாக்கிய அதே சாலைக் கடைத்தெருதான். வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயிலும் அதைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்களின் பழைய வீடுகளும் உண்டு. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச்சாலை இந்த இடம்தான் என்று கருதுவோர் பலர். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் மலையாளம். அப்படியொரு வீட்டின் மச்சில், பள்ளி ஏலத்தில் எடுத்து அப்படியே மறந்துபோன ஒரு கணினி, பழைய வேட்டித் துணி சுற்றிக் கிடந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற டீச்சர்.

"ஓடுமான்னு பாருப்பா. ஓடலேன்னா பழசு வாங்குற ஆக்ரிக்காரன் வந்தா போட்டுரலாம்."

"அவசரப்படாதீங்க டீச்சர், முதல்ல இது என்னன்னு பாப்போம்."

அவருடைய பேரன் கேட்டது வேறு. "இதுல எத்தன ஜி.பி.?"

பழுப்பேறிய கிரீம் நிறப் பெட்டி. கறுப்பு விசைகள், மேல் வரிசையில் செம்மஞ்சள் நிறத்தில் பத்துச் செயல் விசைகள், புள்ளிகளால் ஆன ஓர் ஆந்தைச் சின்னம். இந்த அடையாளங்களை வைத்தே சொல்லிவிடலாம், இது பிபிசி மைக்ரோ. கேம்பிரிட்ஜின் ஆகார்ன் நிறுவனம் செய்து 1981 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் மக்களுக்குக் கணினி கற்றுத்தரத் தொலைக்காட்சித் தொடர் நடத்தியபோது அதற்குத் துணையாகத் தேர்ந்தெடுத்த இயந்திரம். வடிவமைத்தவர்களில் முக்கியமானவர்கள் ஸ்டீவ் ஃபர்பரும் சோஃபி வில்சனும். சில ஆண்டுகளில் இதே இருவர்தான் ஏஆர்எம் என்ற செயலியை வடிவமைத்தார்கள். 1985-இல் அதன் முதல் சிப் வந்தபோது பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான் சோதித்தார்கள். பேரன் கையிலிருக்கும் ஃபோனுக்குள் ஓடுவது அதன் வழித்தோன்றல்.

கேம்பிரிட்ஜ் இயந்திரம் கேரளத்துப் பள்ளிக்கு வந்ததன் காரணம் ஒரு மத்திய அரசுத் திட்டம். 1984–85-இல் மின்னணுத் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. முதல் சுற்றில் ஏறத்தாழ 250 பள்ளிகள். திட்டம் வளர்ந்தபோது ஏறத்தாழ 12,000 பிபிசி கணினிகள் மாநில அரசுகள் வழியாக மேல்நிலை, உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போயின. பஞ்சாபின் மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ், ஆகார்னிடம் உரிமம் பெற்று இதே கணினியை 'யூனிகார்ன்' என்ற பெயரில் தயாரித்தது. ஹோப் கம்ப்யூட்டர்ஸ் என்ற வேறொரு இந்திய நிறுவனம் 'டால்பின்' என்ற பெயரில் நகல் ஒன்றைச் செய்தது. அதில் செயல் விசைகள் நீலம். ஆக, இந்தியாவில் ஒரு பிபிசி மைக்ரோ அகப்பட்டால் முதலில் விசையின் நிறத்தைப் பார்ப்பது வீண்வேலை அல்ல.

அடுத்தது 'ஏ'வா 'பி'யா என்ற கேள்வி. மாடல் ஏ-யில் 16 கேபி (கிலோபைட்) நினைவகம், பி-யில் 32 கேபி. பெட்டியைக் கவிழ்த்து முன்விளிம்பின் அடியில் பார்த்தால் வட்டு இயக்கி, பிரிண்டர், பயனர் இணைப்பு, இரண்டாம் செயலிக்கான 'டியூப்' என வரிசையாக இணைப்பிகள் இருக்கும். மாடல் ஏ-யில் இவற்றில் பெரும்பாலான இடங்கள் காலி. ஆனால் ஏ-யை வாங்கி ஐசிகளைச் செருகி பி-யாக்கிக்கொண்டவர்கள் ஏராளம். அப்படி மாற்றிய பெட்டியில் பெயர்ப்பட்டையை யாரும் மாற்றுவதில்லை. முதல் சாட்சியின் மதிப்பு அவ்வளவுதான்.

திறப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. முப்பது ஆண்டு தூங்கிய கணினியை நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். பவர் சப்ளைக்குள் மின்சார வழியின் இரைச்சலை அடக்க உலோகப்பூச்சுக் காகிதத்தால் செய்த கண்டென்சர்கள் இருக்கும். அவற்றின் மேலுறை காலப்போக்கில் வெடித்து ஈரத்தைக் குடிக்கும். இடவப்பாதி மழையையும் துலாமழையையும் முப்பது முறை பார்த்த கண்டென்சர், மின்சாரம் கிடைத்த சில நிமிடங்களில் புகையும். நாற்றம் வீட்டைவிட்டுப் போக இரண்டு நாள் ஆகும். பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்து அவற்றை மாற்றிய பிறகே மற்ற வேலை.

மேல்மூடியைப் பிடித்திருக்கும் நான்கு திருகுகளுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஃபிக்ஸ்' என்றே எழுதியிருக்கும். பின்பக்கம் இரண்டு, அடியில் இரண்டு. கழற்றித் தூக்கினால் இடதுபக்கம் பவர் சப்ளைப் பெட்டி, முன்னால் விசைப்பலகை, அதன் அடியில் பரந்து கிடக்கும் போர்டு. டீச்சர் வீட்டுப் பெட்டிக்குள் கூடுதலாகப் பல்லி முட்டை ஓடுகள் சில. சில ஐசிகளின் கால்கள் கறுத்திருந்தன. வெள்ளி பூசிய கால்கள் காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து அப்படிக் கறுக்கும். சாக்கெட்டில் இருக்கும் ஐசிகளை மெல்ல எடுத்துத் திரும்பச் செருகினாலே பாதி வியாதி போய்விடும் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான்.

இப்போது எண்களைப் படிக்கலாம். ஒவ்வொரு ஐசியின் முதுகிலும் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அது என்ன என்று சொல்லும், மற்றது எப்போது பிறந்தது என்று சொல்லும். பிறந்த எண் நான்கு இலக்கம், முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 8423 என்றால் 1984-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் மாதத் தொடக்கம். குழப்பம் வரும் இடமும் இதுதான். 8271 என்று பார்த்தால் அது தேதியாக இருக்கமுடியாது, 1982-க்கு 71 வாரம் கிடையாது. அது வட்டு இயக்கியைக் கட்டுப்படுத்தும் இன்டெல் ஐசியின் பெயர். ஆனால் 7438 என்பது ஒரு லாஜிக் ஐசியின் பெயராகவும் இருக்கலாம், 1974-இன் 38-ஆவது வாரமாகவும் இருக்கலாம். 1981-இல் பிறந்த வடிவமைப்பின் போர்டில் 1974-ஆம் ஆண்டு ஐசி உட்காரக் காரணமில்லை என்ற பொதுப்புத்திதான் இங்கே கைகொடுக்கும்.

போர்டிலுள்ள தேதிகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலானவை சில மாத இடைவெளிக்குள் கூட்டமாக நிற்கும். அந்தக் கூட்டத்தில் கடைசியாகப் பிறந்த ஐசிக்கு முன்னால் இந்தக் கணினி உருவாகியிருக்க முடியாது. கூட்டத்துக்கு வெகுதூரத்தில், நான்கைந்து ஆண்டு தள்ளி ஒன்று நின்றால் அது பின்னாளில் பழுது பார்த்தவர் போட்டது. சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. சாலையிலோ தேடிப் பிடித்து வாங்கியதாக இருக்கலாம். ஒரு கணினியின் நோய் வரலாறு இப்படித்தான் கிடைக்கும், மருத்துவச் சீட்டு எதுவும் இல்லாமலே.

பெரிய ஐசிகளை அடையாளம் காண்பது சுலபம். 40 கால் கொண்ட 6502ஏ செயலி. கடைசியில் வரும் அந்த 'ஏ' முக்கியம், 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு உத்தரவாதம் அது. வெறும் 6502 என்றால் 1 மெகாஹெர்ட்ஸ்தான். 6845, திரையில் வரிகள் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்று கணக்குப் பார்ப்பது. எஸ்.ஏ.ஏ.5050, தொலைக்காட்சிச் செய்தி எழுத்துகளை வரைவது. எஸ்.என்.76489, ஒலி. இரண்டு 6522, விசைப்பலகைக்கும் பிரிண்டருக்கும். தலையில் உலோகத் தகடு ஒட்டிய ஒன்று இருந்தால் அது ஃபெரான்டி நிறுவனம் செய்த வீடியோ ஐசியாகத்தான் இருக்கும். தொட்டுப் பார்த்தால் சுடும் அளவுக்குச் சூடாகும் பேர்வழி அது. தகடு இல்லாத, பின்னாளைய வடிவம் உள்ள போர்டுகளும் உண்டு.

வலது முன்மூலையில், விசைப்பலகைக்கு அடியில் ஐந்து பெரிய சாக்கெட்டுகள். இவை ரோம்கள், அழியாத நினைவகம். ஒன்றில் இயங்குதளம், ஒன்றில் பேசிக் மொழி, மற்றவை வட்டு நிரல், சொற்செயலி என்று வாங்கிச் சேர்த்துக்கொள்ள. நடுவில் கண்ணாடிச் சன்னல் வைத்து, அதன்மேல் காகிதம் ஒட்டிய ஐசி இருந்தால் அந்தக் காகிதத்தைப் பிய்க்காதீர்கள். அது ஈப்ரோம். சன்னல் வழியாகப் புற ஊதாக் கதிர் பட்டால் உள்ளே எழுதியிருப்பது அழியும், வெயிலில் கிடந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். அதன் எண்ணைப் படிக்க எளிய வழி, 27-க்குப் பின்னால் வருவது கிலோபிட் கணக்கு. 2764 என்றால் 64 கிலோபிட், எட்டால் வகுத்தால் 8 கேபி. 27128 என்றால் 16 கேபி.

இனி நாம் தேடிவந்த சரக்கு. 4816 என்ற ஒரே எண்ணைத் தாங்கிய பதினாறு சிறிய ஐசிகள். போர்டில் ஐசி 53 முதல் 68 வரை இலக்கமிட்ட இடங்கள் இவற்றுக்கு. மாடல் ஏ-யில் 61 முதல் 68 வரை எட்டு இடங்கள் காலியாக இருக்கும். டீச்சர் வீட்டுப் போர்டில் பதினாறும் இருந்தன. ஆக, போர்டு சொல்வது 32 கேபி.

இந்தக் கணக்கு எப்படி வந்தது? 4816 என்பதில் 16 மட்டும்தான் நமக்கு வேண்டும், 16 கிலோபிட். கிலோபைட் அல்ல, பிட். ஓர் ஐசிக்குள் 16,384 சின்னஞ்சிறு மின்தேக்கிகள். ஒவ்வொன்றும் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். வெளியே தரவுக்கு ஒரே ஒரு பிட்டுக்கான வழி. ஓர் எழுத்தைச் சேமிக்க எட்டு பிட் வேண்டும் என்பதால் எட்டு ஐசிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆளுக்கு ஒரு பிட் பிடித்துக்கொள்கின்றன. அதாவது, நீங்கள் 'க' என்று எதையாவது தட்டினால் அது எந்த ஐசியிலும் முழுதாக இல்லை, எட்டிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. எட்டு ஐசி ஓர் அணி, 16 கேபி. இரண்டு அணி, 32 கேபி.

எனவே ஐசிகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணி நினைவகத்தைச் சொல்லமுடியாது. கமடோர் 64 கணினியின் பழைய போர்டுகளில் 4164 எண் கொண்ட எட்டு ஐசிகள், 64 கேபி. அதே கணினியின் பிந்தைய போர்டில் 41464 எண் கொண்ட இரண்டே ஐசிகள், அதே 64 கேபி. காரணம், 41464 ஒரே நேரத்தில் நான்கு பிட் பிடிக்கும், எண்ணின் நடுவிலிருக்கும் 4 அதைத்தான் சொல்கிறது. எண்ணுக்குப் பின்னால் கோடு போட்டு வரும் இலக்கத்தையும் விடாதீர்கள், அது வேகம். டெக்ஸாஸ் நிறுவனத்தின் 4116-15 என்றால் 150 நானோவினாடியில் பதில் தரும். மாற்று ஐசி வாங்கும்போது மெதுவானதை வாங்கிவிட்டால் கணினி காலையில் ஓடும், சூடேறியதும் மதியம் நின்றுபோகும்.

பிபிசி மைக்ரோவின் நினைவகத்துக்கு வேகம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது அந்த வடிவமைப்பின் அழகு. செயலி ஒரு நொடிக்கு 20 லட்சம் முறை நினைவகத்தைத் தொடும். திரையை வரையும் சர்க்யூட்டும் அதே 20 லட்சம் முறை. இருவரும் முறைவைத்து மாறி மாறித் தொடுகிறார்கள், ஒருவருக்காக மற்றவர் காத்திருப்பதே இல்லை. அந்தக் காலத்து மற்றக் கணினிகள் பலவற்றில் திரைக்காகச் செயலி நின்று வழிவிடவேண்டியிருந்தது. இதில் நினைவகம் நொடிக்கு 40 லட்சம் முறை ஈடுகொடுக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. அந்த மின்தேக்கிகள் ஓட்டைப் பாத்திரங்கள், சில மில்லிவினாடியில் மின்னூட்டம் வடிந்துவிடும், திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். திரைச் சர்க்யூட் படம் வரைவதற்காக நினைவகத்தைச் சுற்றிச் சுற்றிப் படிப்பதே அந்த நிரப்பும் வேலையையும் செய்துவிடுகிறது. தனியாக ஓர் ஆள் வேண்டாம்.

பேரனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பதினாறு ஐசி, ஒவ்வொன்றிலும் 16,384 பிட், மொத்தம் 2,62,144 பிட். அவனுடைய ஃபோனில் 8 ஜி.பி. நினைவகம். எட்டு ஜி.பி.யை 32 கேபியால் வகுத்தால் வருவதும் அதே எண், 2,62,144. இரண்டும் இரண்டின் பதினெட்டாம் அடுக்கு என்பதால் அப்படி அமைகிறது. இந்தக் கணினியில் இருக்கும் ஒவ்வொரு பிட்டுக்கும், ஒவ்வொரு ஆமா–இல்லைக்கும், இதன் முழு நினைவகம் ஒன்று அந்த ஃபோனுக்குள் இருக்கிறது. அவன் கொஞ்ச நேரம் ஐசிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ இது ஒண்ணும் பண்ணாதா?" என்று கேட்டான். பள்ளி முழுவதுக்கும் மார்க் பட்டியல் போட்டது இது என்றார் டீச்சர்.

பவர் சப்ளை சரியானதும் திரை வேண்டும். இங்கே ஒரு சிக்கல். பிரிட்டனுக்காகச் செய்த இந்தப் பெட்டி டி.வி.க்கு அனுப்பும் அலை யு.எச்.எஃப் பட்டையில் இருக்கும். 1980-களில் நம் வீட்டிலிருந்த டி.வி.க்களில் பல வி.எச்.எஃப் மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தில் தனியாக வீடியோ வெளியீடும் உண்டு, வளையத்தைத் திருகி மாட்டும் பழைய வகைக் கொக்கி. அதிலிருந்து ஒரு கேபிளை இன்றைய டி.வி.யின் மஞ்சள் துளைக்குக் கொடுத்தால் கறுப்பு வெள்ளையில் படம் வரும்.

சுவிட்சைப் போட்டதும் தாழ்ந்த சுருதியில் ஒரு நீண்ட ஒலி, அடுத்து உயர்ந்த சுருதியில் சின்ன 'பீப்'. இது வெறும் வரவேற்பு மணி அல்ல. ஒலி ஐசிக்கு மின்சாரம் கிடைத்ததும் யாரும் சொல்லாமலே கத்தத் தொடங்கும் பழக்கம் உண்டு. செயலி விழித்து, இயங்குதளத்தைப் படித்து, அதன் வாயை மூடவேண்டும். தாழ்ந்த ஒலி நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் செயலி அந்த இடம்வரை வந்து சேரவில்லை என்று பொருள். திரையே இல்லாமல் காதால் கண்டுபிடிக்கக்கூடிய நோய் இது.

டீச்சர் வீட்டுப் பெட்டி பீப் சொன்னது. திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே', கீழே 'பேசிக்'. மூன்றாவது சாட்சியும் வந்தாயிற்று. ஆனால் அது எப்படி அந்த எண்ணைக் கண்டுபிடித்தது?

மாடல் ஏ-க்கும் பி-க்கும் இயங்குதளம் ஒன்றே. எந்தப் பெட்டியில் இருக்கிறோம் என்று அதற்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஒரு தந்திரம் செய்கிறது. முகவரி 1,024-இல் தொடங்கி ஒவ்வோர் அறையிலும் பூஜ்யம் எழுதிக்கொண்டே போகிறது. எந்த இடம்வரை வந்திருக்கிறோம் என்ற குறிப்பை முகவரி 0-இலும் 1-இலும் வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை எழுதிய பிறகும் முகவரி 1-ஐப் பார்க்கிறது. 32 கேபி பெட்டியில் அந்தக் குறிப்பு படிப்படியாக ஏறி 32,768-ஐத் தொட்டதும் வேலை முடிகிறது. 16 கேபி பெட்டியிலோ 16,384-க்கு மேல் நினைவகமே இல்லை. அங்கே முகவரியின் மேல் பிட்டைப் பார்க்க ஆள் கிடையாது. வீட்டு எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் படிக்கும் தபால்காரர் 114-க்கு வந்த கடிதத்தை 14-இல் போட்டுவிட்டுப் போவதுபோல, 16,385-க்கு எழுதிய பூஜ்யம் முகவரி 1-இல் போய் விழுகிறது. குறிப்பேடு தானே அழிந்துபோகிறது. அழிந்ததைக் கண்டதும் இயங்குதளம் நின்று, சரி, இது 16 என்று முடிவுகட்டுகிறது. தன் காலடித்தடத்தைத் தானே மிதித்து அழித்துவிட்டதை வைத்து நிலத்தின் எல்லையைக் கண்டுபிடிக்கும் இந்த வரிகளை எழுதியவருக்கு நான் ஒரு மாலை போடுவேன்.

ஆனால் கவனியுங்கள். அது எழுதியது, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கவில்லை. '32கே' என்ற வரி முகவரிகள் எத்தனை என்று சொல்கிறதே தவிர அந்த அறைகள் நலமா என்று சொல்லவில்லை. மேல் அணியில், அதாவது ஐசி 61 முதல் 68 வரை உள்ளவற்றில், கடைசி பிட்டைத் தாங்கும் ஐசி கெட்டு எப்போதும் ஒன்று என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரைக்கான நினைவகம் அந்த அணியில்தான், 31,744-ஆம் முகவரியில் தொடங்குகிறது. வெற்றிடத்தின் எண் 32, கடைசி பிட் ஒன்றானால் 33, அது ஆச்சரியக்குறி. திரை முழுக்க ஆச்சரியக்குறிகள் நிறைந்துவிடும். 'பிபிசி' என்ற ஆங்கிலப் பெயரில் இருக்கும் இரண்டு 'பி'யும் அடுத்த எழுத்தான 'சி' ஆகி மூன்று 'சி' வரும். இரண்டு என்ற இலக்கம் மூன்றாகும். '32கே' என்பது '33கே' என்று தெரியும். உலகில் எங்கும் இல்லாத 33 கேபி கணினி! திரையைப் பார்த்தே எந்த பிட் என்று சொல்லிவிடலாம், சர்க்யூட் படத்தைப் பிரித்து அந்த பிட்டின் கம்பி எந்த ஐசிக்குப் போகிறது என்று பார்த்தால் போதும். பதினாறையும் பிடுங்கவேண்டாம். நல்ல ஐசி ஒன்றைச் சந்தேகப்பட்ட ஐசியின் முதுகில் கால்கள் படும்படி வைத்து அழுத்தி, ஆச்சரியக்குறிகள் மறைகின்றனவா என்று பார்ப்பது மெக்கானிக்குகளின் பழைய வித்தை. எல்லா நோய்க்கும் அது கேட்காது, ஆனால் சோல்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் செய்து பார்க்கலாம்.

திரையில் வெளிப்படையாகத் தெரியாத கோளாறுகளுக்கு நாமே சோதனை எழுதவேண்டும். பேசிக்கில் ஏழெட்டு வரி போதும். காலியான ஒவ்வோர் அறையிலும் 85 எழுதிப் படியுங்கள், பிறகு 170. இருமத்தில் 85 என்பது பூஜ்யமும் ஒன்றும் மாறி மாறி வருவது, 170 அதன் நேர்மாறு. ஆக எல்லா பிட்டும் இரண்டு நிலையையும் தொட்டுவிடும். இதோடு நிறுத்தினால் முகவரிக் கம்பியில் உள்ள கோளாறு தப்பிவிடும், எல்லா அறையிலும் ஒரே எண் இருக்கும்போது எந்த அறையைப் படித்தால் என்ன? ஆகவே மூன்றாவது சுற்றில் ஒவ்வோர் அறையிலும் அதன் முகவரியிலிருந்து பெற்ற எண்ணை எழுதவேண்டும். எழுதியதும் படிக்காமல் இரண்டு நிமிடம் விட்டுப் படித்தால் மின்னூட்டம் வடியும் சோம்பேறி அறைகளும் பிடிபடும்.

நினைவகம் நலம் என்றே வைத்துக்கொண்டாலும் 32 கேபியும் உங்களுக்கு இல்லை. 6502 செயலியால் மொத்தம் 65,536 முகவரிகளைத்தான் கூப்பிடமுடியும். கீழ்ப்பாதி நினைவகம். அதற்கு மேலே கால்பங்கு, ரோம்கள் முறைவைத்து மாறி மாறி அமரும் இடம். கடைசிக் கால்பங்கு இயங்குதளம், அதில் 768 முகவரிகள் மட்டும் வெளிக்கருவிகளுக்கு. அந்த மூன்று பக்கங்களுக்கும் ஆகார்ன்காரர்கள் ஃப்ரெட், ஜிம், ஷீலா என்று பெயர் வைத்தார்கள். அலுவலகக் குறும்பு, அப்படியே கையேட்டில் அச்சேறிவிட்டது.

கீழ்ப்பாதியிலும் இயங்குதளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 'பிரிண்ட் ஹைமெம் – பேஜ்' என்று தட்டினால் உங்களுக்கு மிஞ்சியதைச் சொல்லும். வட்டு ரோம் இல்லாத பெட்டியில், எழுத்து மட்டும் காட்டும் ஏழாம் திரைமுறையில் 28,160 வரும். டீச்சர் வீட்டில் வந்தது 25,344. வித்தியாசம் 2,816 பைட், வட்டு நிரல் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது. ஆகவே சாக்கெட்டில் வட்டு ரோம் இருக்கிறதா என்று மூடியைத் திறக்காமலே இந்தக் கழித்தல் சொல்லிவிடும். அதே பெட்டியில் 640-க்கு 256 புள்ளிகள் கொண்ட படமுறைக்குப் போனால் திரை மட்டும் 20 கேபியை விழுங்கும். மிச்சம் 5,888 பைட். மார்க் பட்டியலுக்கே இடம் பற்றாது. நட்சத்திரக் குறியிட்டு 'ஹெல்ப்' என்றால் உள்ளே எந்தெந்த ரோம்கள் என்று பட்டியல் வரும். சுவிட்ச் போட்டதும் முதல் கட்டளையாக 'ரிப்போர்ட்' என்று தட்டினால் பதிப்புரிமை ஆண்டு வரும். 1981 என்றால் முதல் பேசிக், 1982 என்றால் இரண்டாவது.

பிபிசி மைக்ரோவின் நேரெதிர் உதாரணம் ஒன்றும் நம் ஊரில் புழங்கியது. சின்கிளேர் ஸ்பெக்ட்ரம். புனேயின் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் அதை 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்ற பெயரில் இந்தியாவில் விற்றது. இதன் 48 கேபி போர்டைத் திறந்தால் ஐசி எண்ணை நம்பும் பழக்கமும் ஆட்டம் காணும். 16 கேபிக்கு 4116 எட்டு, அது நேர்மையான கணக்கு. மேலேயுள்ள 32 கேபிக்குப் போட்ட எட்டு ஐசிகள் உண்மையில் 64 கிலோபிட் ஐசிகள், ஒரு பாதி செத்தவை. ஆலையில் பாதி தேறிய சிப்புகளைத் தூக்கியெறியாமல் 4532, 3732 என்று புது எண் அச்சடித்து மலிவாக விற்றார்கள், சின்கிளேர் நிறுவனம் வாங்கியது. எந்தப் பாதி உயிரோடு இருக்கிறது என்பதைப் பொறுத்து வால் எழுத்தோ இலக்கமோ மாறும். எட்டும் ஒரே பாதி உயிருள்ளவையாக இருக்கவேண்டும், போர்டில் ஒரு சின்னக் கம்பிப் பாலம் அந்தப் பாதியைத் தேர்ந்தெடுக்கும். பழுது பார்க்கும்போது எண்ணின் வாலைப் பார்க்காமல் ஒன்றை மாற்றினால் நல்ல ஐசியும் கெட்டதாகவே தெரியும்.

ஸ்பெக்ட்ரம் துவங்கும்போது ஒவ்வோர் அறையிலும் 2 எழுதி, பிறகு கீழிருந்து மேலாகப் படித்து, குறைத்து, சரிபார்த்துக்கொண்டே போகும். முதல் கோளாறு தென்பட்ட இடத்தில் நினைவகம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். பிபிசி எண்ணைச் சொல்கிறது, சோதிப்பதில்லை. ஸ்பெக்ட்ரம் சோதிக்கிறது, எண்ணைச் சொல்வதில்லை, திரையில் சின்கிளேரின் பதிப்புரிமை வரி மட்டும்தான். மேல் 32 கேபி கெட்டுப்போன ஸ்பெக்ட்ரம் எந்த முனகலும் இல்லாமல் 16 கேபி கணினியாக வேலை செய்யும். பழைய விளையாட்டுகள் ஓடும், பெரியவை ஏறாது, கேசட்டில்தான் கோளாறு என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். 23,732, 23,733 ஆகிய இரண்டு முகவரிகளைப் 'பீக்' கட்டளையால் படியுங்கள். இரண்டாவதை 256-ஆல் பெருக்கி முதலாவதோடு கூட்டுங்கள். 65,535 வந்தால் 48 கேபியும் நலம். 32,767 வந்தால் கேசட்டை விட்டுவிட்டு, அந்த எட்டு ஐசிகளையும் அவற்றுக்கு மின்சாரம் வரும் வழியையும் பாருங்கள்.